வேன் எடுத்து வடக்கே போவதென்றால்: ஐஸ்லாந்தா, ஸ்காட்லாந்தா?

கீழக்கரையில் எங்கள் வீட்டில் ஒரு மாதமாக இதே பேச்சுதான். துபாயில் இருக்கும் என் காக்கா (அண்ணன்), பிள்ளைகளின் பள்ளி லீவுக்கு உம்மாவையும் கூட்டிக்கொண்டு கேம்பர்வேனில் சுற்ற ஆசைப்படுகிறார். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே உள்ள வண்டி. அதை ஐஸ்லாந்தில் எடுப்பதா, ஸ்காட்லாந்தின் வடகரையில் எடுப்பதா என்பதில்தான் இழுபறி. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு முறை நான் வேன் ஓட்டியிருக்கிறேன். அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வேன் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், சாப்பாடு. ஊர்களே தூரம் தூரமாகக் கிடக்கும் அந்த வடக்கில் ஹலால் கடையைத் தேடி அலைய முடியாது. வண்டியில் அரிசியும் மசாலாவும் இருந்தால் எங்கே நிறுத்தினாலும் மீன் ஆணம் வைத்துவிடலாம். இரண்டுமே மீன் பிடிக்கிற நாடுகள். அந்தக் கவலை நமக்கு இல்லை.

முதலில் பாதை. ஐஸ்லாந்தைச் சுற்றிவரும் ரிங் ரோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல். பத்து நாளாவது வேண்டும். ஏழு நாளில் முடிக்கப் போனால் அருவியை ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள். ஸ்காட்லாந்தின் நார்த் கோஸ்ட் 500 என்ற பாதை இன்வர்னஸ் நகரில் தொடங்கி அங்கேயே வந்து முடிகிறது. 516 மைல், அதாவது சுமார் 830 கிலோமீட்டர். அங்கே நம்மைப் போல இடது பக்கம் ஓட்டுகிறார்கள். ஐஸ்லாந்தில் வலது பக்கம். காக்காவுக்கு துபாயில் வலது பக்கம் ஓட்டிப் பழக்கம், அதனால் அவருக்கு இது பிரச்சினையில்லை. ஊரிலிருந்து நேராகப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் சிரமம் வேறு. பல இடங்களில் ஒற்றை வண்டிப் பாதைதான். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குவதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். வழிவிட்டவருக்குக் கை தூக்கி நன்றி சொல்வது அங்கே வழக்கம்.

அருவி விஷயத்தில் ஐஸ்லாந்துக்கு ஈடே இல்லை. ரிங் ரோட்டில் போகும்போதே செல்யலண்ட்ஸ்ஃபோஸ் கண்ணில் படும். ‘ஃபோஸ்’ என்றாலே அவர்கள் மொழியில் அருவிதான். 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அதன் பின்பக்கமாகவே நடந்து போகலாம். பாறைக் குடைவுக்குள் நின்று பார்த்தேன். முன்னால் தண்ணீர்த் திரை, அதற்கு அப்பால் பச்சைச் சமவெளி. காலடிக் கல் எல்லாம் வழுக்கல், மழைக்கோட்டுக்குள்ளும் ஈரம். கொஞ்ச தூரத்தில் ஸ்கோகாஃபோஸ். அதுவும் 60 மீட்டர், பக்கத்திலேயே 500-க்கும் மேல் படிகள். ஏறி முடித்தால் அங்கிருந்து ஆற்றை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது, திரும்பத் திரும்ப அருவிகள். கிழக்கே ஹெங்கிஃபோஸ், 128 மீட்டர். அதன் கரும்பாறை அடுக்குகளுக்கு நடுவே செம்மண் பட்டை பட்டையாக ஓடுகிறது. வடக்கே டெட்டிஃபோஸ், பனியாறு உருகி வரும் சாம்பல் நிறத் தண்ணீர், 100 மீட்டர் அகலம். விளிம்பில் நின்றபோது காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டத்தில், குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்து வளர்ந்தவன் நான். அந்த விளிம்பிலிருந்து நகர எனக்கு ரொம்ப நேரம் ஆனது.

ஸ்காட்லாந்தில் அருவி அப்படி வழியோரம் வந்து நிற்காது, நாம்தான் தேடிப் போக வேண்டும். க்ளோமக் அருவி 113 மீட்டர். கின்டெயில் மலைக்குள் போய்த் திரும்ப எனக்கு முழுப் பகலும் ஆனது. வாலிநோக்கம் உப்பளத்துச் சேறு போலக் கால் புதைகிற இடங்கள் உண்டு. ஒரு தடவை செருப்புக் கடையில் புதிதாக வாங்கிய பூட்ஸ் உள்ளேயே மாட்டிக்கொண்டது, கையால் பிடுங்கி எடுத்தேன். ஆனால் அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது என்னைத் தவிர அங்கே யாருமில்லை. அந்த அமைதி ஐஸ்லாந்தின் தெற்குக் கரையில் கிடைக்காது, அங்கே பஸ் பஸ்ஸாக ஆள் இறங்குகிறது. நடக்க முடியாதவர்களுக்கு இன்வர்னஸ் பக்கம் ரோகி அருவி இருக்கிறது. சின்ன அருவிதான். கோடைக் கடைசியில் சால்மன் மீன்கள் விழுகிற தண்ணீரை எதிர்த்துத் துள்ளி மேலேறும். ஒரு மீன் மூன்று முறை விழுந்து நான்காவது முறை ஏறியதைப் பார்த்தேன். கடற்கரைக்காரப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகாமல் இருக்கக் கூடாது.

இப்போது காற்று. என்னைக் கேட்டால் இதுதான் முடிவு செய்யும். ஆடியில் கச்சான் காற்று அடித்தால் தென்கடலில் வள்ளம் இறக்க யோசிப்பார்கள், பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தி வைப்பார்கள். அந்தப் புத்தி ஐஸ்லாந்தில் எனக்கு வரவில்லை. வேனை காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். காற்று அதை என் கையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனது, கீல் வளைந்துவிட்டது. இன்சூரன்ஸில் காற்றால் கதவுக்கு வரும் சேதம் சேராது என்பதை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் சொன்னார்கள். முன்பணம் முழுவதும் போயிற்று. ஆகவே, வண்டியின் முகம் காற்றைப் பார்க்கும்படி நிறுத்துங்கள், கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். உயரமான வேன் என்றால் சில நாள் முகாமை விட்டு நகரவே முடியாது. அந்த நாட்களையும் கணக்கில் வையுங்கள். ஸ்காட்லாந்திலும் காற்று உண்டு, ஆனால் எனக்கு ஒரு நாளும் இப்படி ஆகவில்லை. அங்கே காற்று நின்றால்தான் தொல்லை. மிட்ஜ் என்று பொடிக்கொசு கூட்டம் கூட்டமாக வந்து கடிக்கும். தலைக்கு வலை கட்டாயம். மாலையில் கடற்காற்று படுகிற மேட்டில் வண்டியை நிறுத்தினால் தப்பலாம்.

இரவு தங்குவதில் பலரும் தப்பாக நினைக்கிறார்கள். ஐஸ்லாந்தில் வேனில் தூங்குவதென்றால் முகாமிடத்தில்தான், நினைத்த இடத்தில் நிறுத்த சட்டம் விடாது. ஸ்காட்லாந்தில் கூடாரத்தோடு நடந்து போகிறவர்களுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தருகிற உரிமை வண்டிக்குப் பொருந்தாது. இரண்டிலும் முகாமிடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். அப்புறம் ஜூனில் ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் சூரியன் நள்ளிரவை ஒட்டி மறைந்து மூன்று மணிவாக்கில் எழுந்துவிடும். இஷாவுக்கும் சுபுஹுக்கும் அங்குள்ள பள்ளிவாசல் நேர அட்டவணையை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி இல்லையென்றால் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள்.

செலவில் ஐஸ்லாந்து கூடுதல், சந்தேகமே வேண்டாம். விசாவும் தனித்தனி: ஐஸ்லாந்துக்கு ஷெங்கன், ஸ்காட்லாந்துக்கு பிரிட்டன்.

இளவட்டங்கள் இரண்டு பேர் போவதென்றால் ஐஸ்லாந்துக்கே போங்கள் என்பேன், அதுவும் வேனை விட்டுவிட்டுச் சின்னக் காரும் சமையலறை உள்ள அறையுமாக. காக்காவுக்கு நான் சொன்னது ஸ்காட்லாந்துதான். உம்மாவுக்கு மூட்டுவலி, 500 படி அவரால் ஆகாது. வழுக்கும் பாறையில் அவர் கையைப் பிடிப்பதா, பிள்ளைகளைப் பிடிப்பதா? நீளம் குறைந்த வேனாக எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பெலக் நா பா என்ற 626 மீட்டர் மலைப்பாதைக்குப் பெரிய வண்டிகளைக் கொண்டு வராதீர்கள் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டுக் கரையோரமாகச் சுற்றிப் போனால் போதும். உம்மா இப்போதே எங்கள் ஊர் இனிப்பான தொதல் கிண்ட ஏற்பாடு செய்கிறார். அது பத்து நாளும் தாங்கும்.