பழைய மெஷின் கண்டுகொள்ளாத புது ஹார்ட் டிஸ்க்: ஜம்பரா, பிசிஐ கார்டா, யூஎஸ்பி பெட்டியா?

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் விண்டோஸ் எக்ஸ்பி மெஷின் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பல வருஷத்துக் கூலிக் கணக்கு, புது விண்டோஸில் ஏறாத மென்பொருள், எல்லாம் அதை நம்பித்தான். பழைய 80 ஜிபி ஐடிஇ (அகலமான பட்டைக் கேபிளில் மாட்டும் பழைய வகை) டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் சேலத்திலிருந்து 1 டிபி சாட்டா (மெல்லிய கேபிளில் மாட்டும் அடுத்த வகை) டிஸ்க் வாங்கி வந்து மாட்டினார்கள், பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் திரையில்) பெயரே வரவில்லை. கடையில் கேட்டால் ஒரே பதில்: "போர்டு பழசு சார், மெஷினையே மாத்திடுங்க." இப்படி எடுத்த எடுப்பில் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை, ஏனென்றால் பாதி நேரம் காசே செலவில்லாமல் சரியாகிற விஷயம் இது.

எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன், மெஷினை ஆன் செய்து டிஸ்க் மேல் விரல் வைத்துப் பாருங்கள். லேசான அதிர்வு கூட இல்லை என்றால் பவர் கேபிளை மாற்றிப் பாருங்கள். சுற்றுகிறது, பயாஸிலும் தெரிகிறது, மை கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்றால் அது கோளாறே இல்லை, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் இனிஷியலைஸ் செய்து ஃபார்மட் போட்டால் வந்துவிடும். சுற்றுகிறது ஆனால் பயாஸில் இல்லை, இதுதான் நம்ம கேஸ். (போர்டில் இருக்கும் 2032 பேட்டரி செத்திருந்தால் பயாஸ் செட்டிங் அழிந்து சாட்டாவே ஆஃப் ஆகியிருக்கலாம், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.)

முதல் வழி ஜம்பர், அதாவது இரண்டு ஊசிகளைச் சேர்த்து இணைக்கும் குட்டி மூடி. சாட்டா போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய சிப்பின் தூசியைத் துடைத்துப் பாருங்கள். வியா கம்பெனியின் விடி8237 அல்லது விடி8237ஆர் என்று இருந்தால் குற்றவாளி கிடைத்தாச்சு. அது சாட்டா வேகம் நொடிக்கு 1.5 ஜிகாபிட்டாக இருந்த காலத்துச் சிப், 3, 6 ஜிகாபிட் டிஸ்க்குகளோடு எந்த வேகத்தில் பேசுவது என்று ஒத்துப்போகத் தெரியாமல் அப்படியே விட்டுவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் 3.5 அங்குல டிஸ்க்குகள் பலவற்றில் கேபிள் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டியாக எட்டு ஊசிகள் இருக்கும், அதில் 5, 6-ஐ ஒரு ஜம்பரால் இணைத்தால் பெரும்பாலும் டிஸ்க் தானே 1.5-க்கு இறங்கி வரும். வேகம் போய்விடுமே என்று கவலைப்பட வேண்டாம், நொடிக்கு 150 எம்பி என்பது கணக்கு பார்க்கும் மெஷினுக்குத் தாராளம். மற்ற கம்பெனி டிஸ்க் என்றால் லேபிளைப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எஸ்எஸ்டியில் (சுற்றும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) இந்த ஊசியே கிடையாது, அதனால் இந்தப் போர்டுக்கு எஸ்எஸ்டி வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

பிசிஐ சாட்டா கார்டு இரண்டாவது, அதாவது போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் செருகினால் தனியாகச் சாட்டா போர்ட் தரும் கார்டு. ஜம்பர் இல்லாத டிஸ்க்குக்கு இதுதான் கதி. ஆனால் மலிவான கார்டுகளில் விடி6421 சிப் இருந்தால் அதுவும் அதே குடும்பம், அதே முரண்டு. சிப் பெயரைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, மாற்றுவதற்காக இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஏற வேண்டுமா? சிலிக்கான் இமேஜ் 3112 அல்லது 3114 போட்ட கார்டு என்றால் நம்பி வாங்கலாம்.

மூன்றாவது யூஎஸ்பி பெட்டி, டிஸ்க்கை உள்ளே வைத்து வெளியிலிருந்து யூஎஸ்பியில் மாட்டுவது, இது எளிது, எந்தச் சிப்போடும் சண்டை இல்லை. ஆனால் யூஎஸ்பி 2.0-வில் நொடிக்கு 30 எம்பி கிடைத்தாலே பெரிசு, 1 டிபி நிரப்ப ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். எக்ஸ்பி அதிலிருந்து பூட் ஆகாது. பேக்கப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

என் ஓட்டு ஜம்பருக்குத்தான். ஆனால் கரகரக்கும் டிஸ்க்கை நம்பி ஜம்பர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, முதலில் ஒரு யூஎஸ்பி பெட்டியில் கணக்கு ஃபைல்களை நகலெடுத்து விடுங்கள். அப்புறம், புது டிஸ்க்கிலிருந்தே எக்ஸ்பி பூட் ஆக வேண்டும் என்றால் பழைய டிஸ்க்கில் இருக்கும்போதே வியா சாட்டா டிரைவரை ஏற்றிவிட்டு, அதன் பிறகுதான் முழு டிஸ்க்கையும் குளோன் (அப்படியே அச்சு நகல்) செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வந்து நிற்கும், அதைப் பார்த்து டிஸ்க் போச்சு என்று திரும்பக் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள்.