லிஸ்பன் குல்பெங்கியான் மியூசியம்: அரை நாளாவது ஒதுக்குங்கள்

சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவன் நான், அதனால் சேகரிப்புப் பித்துப் பிடித்த ஆட்களைக் கண்டால் ஒரு பாசம். காலூஸ்ட் குல்பெங்கியான் அந்த ரகத்தில் ராஜா, போர்ச்சுகலின் லிஸ்பனில் இருக்கும் இந்த மியூசியம் அவர் சேர்த்த பொருள்களுக்கானது. 1869-ல் இஸ்தான்புல் பக்கம் உஸ்குதாரில் பிறந்த ஆர்மீனியர், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பொறியியல் படித்து 1887-ல் பட்டம் வாங்கியவர். ஈராக் எண்ணெயில் தன் 5 சதவீதப் பங்கை யாருக்கும் விட்டுத்தராததால் 'மிஸ்டர் ஐந்து சதவீதம்' என்றே பெயர். பணம் எண்ணெயில் வந்தது, பித்து அதற்கும் முன்பே. 14 வயதில் பரிசாகக் கிடைத்த காசுக்குச் சந்தையில் பழைய நாணயங்கள் வாங்கிவிட்டாராம்!

மியூசியத்தில் பழைய நாணயங்கள் வைத்த மேசையிலேயே எனக்கு முக்கால் மணி நேரம் போனது. சிராகூஸ் என்ற பழைய கிரேக்க நகரத்து வெள்ளிக்காசு ஒன்றில் ஒரு பெண்முகம், சுற்றி டால்பின்கள், ஒவ்வொரு முடியிழையும் தனித்தனியாகத் தெரிகிறது, கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்துவிட்டேன். மொத்தம் சுமார் 6,000 பொருள்கள் சேர்த்த மனிதர், ஆனால் குவியல் என்ற உணர்வே வரவில்லை. வாங்கினால் ஒசத்தியானதைத்தான் வாங்குவது என்ற பிடிவாதம் எல்லா அறையிலும் தெரிகிறது. 1928-30 வாக்கில் சோவியத் அரசு ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் மியூசியத்திலிருந்து கலைப்பொருள்களைச் சத்தமில்லாமல் விற்றபோது ரெம்பிராண்ட், ரூபன்ஸ் ஓவியங்களோடு ஹூடோன் செதுக்கிய ரோமானிய தெய்வம் டயானாவின் பளிங்குச் சிலையையும் தட்டிவந்திருக்கிறார், அது ஒரு காலத்தில் ரஷ்ய ராணி கேத்தரீனிடம் இருந்த சிலை. பிரெஞ்சு நாற்காலி மேசைகள் எனக்கு ஒட்டவில்லை, வேகமாகத் தாண்டிவிட்டேன்.

கடைசியில் பிரெஞ்சு நகைக் கலைஞர் லாலிக் செய்த நகைகள். ஒரு நகையில் தட்டான்பூச்சியின் வாயிலிருந்து ஒரு பெண் எழுந்து வருகிறாள், இரண்டு பக்கமும் எனாமல் இறக்கை, கீழே தங்க நகங்கள், பார்க்கக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது, இதை மார்பில் குத்திக்கொண்டு எப்படித்தான் விருந்துக்குப் போவார்களோ. லாலிக் குல்பெங்கியானுக்கு நெருங்கிய நண்பராம்.

1942-ல் லிஸ்பன் வந்த குல்பெங்கியான், 1955-ல் இறக்கும்வரை ஹோட்டலிலேயே இருந்தார். இந்தக் கட்டடம் திறந்தது 1969-ல். தன் பொருள்களை 'பிள்ளைகள்' என்பாராம், பிள்ளைகள் ஒரே வீட்டில் சேர்ந்திருப்பதை அவர் பார்க்கவே இல்லை.

சாவ் செபஸ்தியாவ் மெட்ரோவில் இறங்கி நடந்தால் போதும். செவ்வாய்க்கிழமை லீவு. நான் போனது புதுப்பிப்பு வேலைக்காக மூடும் முன்பு, அதனால் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மூடியிருந்தாலும் தோட்டத்தில் உட்காரலாம், வாத்துகள் உண்டு.