எச்சரிக்கை: மழைக்கு ஏற்றது என்று சொல்லிப் பனி டயரை மாட்டி அனுப்புகிறார்கள்

கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். அதற்குள் இன்னும் யாராவது அந்தக் கடையில் பணத்தைக் கட்டிவிடுவார்கள் என்பதால் இப்போதே எழுதுகிறேன். நான்கு டயருக்கு 1,240 சிங்கப்பூர் வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். அந்த நான்கும் இந்த ஊர்ச் சாலைக்காகச் செய்யப்பட்டவையே அல்ல.

விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போக இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பழைய பொருள், புதுப் பொருள் எல்லாம் வாங்கி விற்கும் ஒரு செயலியில் விளம்பரம் போட்டு, தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் நடத்தும் சின்ன டயர் கடை. வேகமான வண்டி வைத்திருப்பவர்களைக் குறிவைத்துத்தான் விளம்பரமே இருக்கும்.

என் வண்டி கோல்ஃப் ஜிடிஐ. 18 அங்குல ரிம், 225/40 அளவு டயர். முன்சக்கரம் இழுக்கிற வண்டி என்பதால் முன்னால் இரண்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். தீபாவளிக்கு மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும், அப்புறம் நவம்பர், டிசம்பர் மழை. நல்ல டயரை மாட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று மனைவி முதலிலேயே சொல்லிவிட்டாள். நான் கேட்டுப் போனது சம்மர் டயர், அதாவது சூடான சாலைக்கான டயர். இதற்கு முன் போட்டிருந்ததும் அதே வகைதான், ஒரு குறையும் இருந்ததில்லை.

கடையில் இருந்தவர் தமிழ்ப் பையன். முப்பது வயதுக்குள் இருக்கும். வாங்கண்ணே என்று கூப்பிட்டு, கோப்பி வாங்கிவரச் சொல்லி, வண்டியைச் சுற்றிப் பார்த்து, "நல்லா வச்சிருக்கீங்கண்ணே" என்றார். பின் இருக்கையில் பிள்ளை உட்காரும் நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை மாற்றினார்.

"சம்மர் டயர் வெயிலுக்கு மட்டும்தாண்ணே. மழை பேஞ்சா வழுக்கும். நம்ம ஊர்ல தினமும் மழை. ஆல் சீசன் பர்ஃபார்மன்ஸ் போடுங்க, வெயிலுக்கும் ஆச்சு மழைக்கும் ஆச்சு. என் வண்டிக்கும் இதத்தான் போட்டிருக்கேன். புள்ளைங்கள ஏத்திட்டு ஈப்போ போறீங்க, உங்களுக்குப் போய்த் தப்பானதத் தருவேனா?"

அந்தக் கடைசி வாக்கியத்துக்குத்தான் நான் தலையாட்டினேன். பணத்தை அனுப்பியதும் அதற்குத்தான். குழந்தையை முன்னால் வைத்து ஒருவர் வாக்குக் கொடுக்கும்போது, அதுவும் நம் மொழியில், அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டே கொடுக்கும்போது, யார்தான் நம்பமாட்டார்கள்?

டயரை எடுத்துவந்து காட்டினார். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் அம்பு மாதிரி பிரியும் பள்ளங்கள். ஒவ்வொரு ரப்பர்க் கட்டியிலும் தலைமுடி கனத்தில் நெளி நெளியாக வெட்டுகள், நகத்தை விட்டால்தான் தெரியும். "இந்தப் பொடி வெட்டு இருக்குல்ல, இதுதான் தண்ணிய வாங்கி வெளிய தள்ளும்" என்றார். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். மெத்தென்று உள்ளே போனது. "எவ்வளவு சாஃப்ட் பாருங்க, ரோட்ட அப்படியே கவ்வும்." தரையில் படும் பக்கத்தில் செவ்வக வடிவில் பசை ஒட்டியிருந்தது. ஏதோ ஸ்டிக்கரைப் பிய்த்த தடம். என்ன ஸ்டிக்கர் என்று கேட்டதற்கு, விலைச் சீட்டு என்றார். ஐரோப்பாவில் விற்கும் டயர்களில் 2021 மே மாதத்திலிருந்து ஒட்டும் விவரச் சீட்டில், பனிக்கான டயர் என்றால் அதற்கென்று ஒரு சின்னப் படம் இருக்கும். அந்தச் சீட்டைத்தான் கிழித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அலைன்மென்ட் (சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்வது), பேலன்சிங் (எடையைச் சமன்செய்வது) எல்லாம் சேர்த்து 1,240 வெள்ளி. பேநவ் வழியாக, ஃபோனிலேயே வங்கிக் கணக்கிலிருந்து உடனே அனுப்பினேன். கையில் வந்த ரசீதில் 'டயர் 4' என்பதைத் தவிர வேறு எழுத்தே இல்லை.

அன்று மாலையே வண்டி வேறு மாதிரி ஓடியது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பியது. பாதை மாறும்போது பின்பக்கம் ஆடியது. மழை பெய்த ஒரு நாள் பிஐஇ விரைவுச்சாலையில், யூனோஸ் பக்கம் முன்னால் போன லாரி நின்றதும் நான் பிரேக்கை மிதித்தேன். சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் தடதடவென்று காலை உதைத்தது, வண்டி நின்றபாடில்லை. கடைசியில் லாரியின் நம்பர் பிளேட்டில் ஒட்டியிருந்த சேற்றைக்கூடப் பார்க்கிற தூரத்தில் போய்த்தான் நின்றது. பின்னால் மனைவியும் மகளும். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பதறுகிறது.

வழக்கமாக எண்ணெய் மாற்றும், காக்கி புக்கிட் வட்டாரத்தில் பட்டறை வைத்திருக்கும் அங்கிளிடம் கொண்டுபோனேன். சீனர், இந்தத் தொழிலிலேயே நரைத்தவர். வண்டியைத் தூக்கியதும் டயரின் பக்கச் சுவரைத் துணியால் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். மூன்று முகடு உள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துளி நட்சத்திரம். "இது பனி டயர் லா. யார் உனக்கு இத வித்தது?" என்று கேட்டார். டயர் பாலிஷை அந்தச் சின்னத்தின் மேல் அவ்வளவு தடிமனாகப் பூசியிருந்தார்கள்.

பக்கத்திலேயே டிஓடி என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீடு இருந்தது. அதன் கடைசி நான்கு இலக்கம் 4121. அதாவது 2021ஆம் ஆண்டின் 41ஆவது வாரத்தில் செய்த டயர். 'இந்த வருஷ ஸ்டாக்' என்று வாட்ஸ்அப்பில் அவர்கள் எழுதியது என்னிடம் இருக்கிறது. வேகக் குறியீட்டிலும் அதே கதைதான். பழைய டயர் 92 ஒய், மணிக்கு 300 கிலோமீட்டர் வரை தாங்கும். இது 92 வி, 240 வரைதான். விரைவுச்சாலையில் 90-க்கு மேல் போக முடியாது என்பது வேறு விஷயம். 'அதே ஸ்பெக்' என்று எழுதிக்கொடுத்துவிட்டு வேறொன்றை மாட்டியிருக்கிறார்கள்.

படம் எடுத்து மாண்ட்ரியாலில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "அண்ணா, இதத்தான் நாங்க பனிக்காலத்துக்கு மாட்டுறோம். கியூபெக்ல டிசம்பர் 1லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் இது இல்லாம வண்டி எடுக்கவே கூடாது, அபராதம். வெயில் வந்ததும் கழட்டிருவோம். நீங்க ஏன் சிங்கப்பூர்ல மாட்டியிருக்கீங்க?" அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

அந்த டயரைச் செய்த நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. குளிர் நாட்டில் அது உயிரைக் காப்பாற்றும். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் சம்மர் டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு போய்விடும். பனி டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும்படி செய்தது. அந்தப் பொடி வெட்டுகளும் பனியைக் கவ்வத்தான். இங்கே நிலைமை தலைகீழ். இந்தத் தீவில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரி. அதுவும் 1989 பிப்ரவரியில், பாயா லேபாரில். 32 டிகிரி மதியத்தில், கை வைக்க முடியாத தார்ச்சாலையில், குளிருக்காக இளக்கிய ரப்பர் ஓடினால் பென்சில் அழிக்கும் ரப்பர் மாதிரி தேய்ந்துகொண்டே போகும். வெட்டுகள் அதிகம் உள்ள கட்டிகள் நெளியும், திருப்பத்தில் வண்டி மிதக்கும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். ஈரச் சாலையிலும் கதை அதேதான், சாலை சூடாக இருக்கிறதல்லவா.

சம்மர் டயர் மழையில் வழுக்கும் என்பதும் பச்சைப் பொய். நல்ல சம்மர் டயர் சூடான ஈரச் சாலைக்காகவே செய்தது. நடுவில் அகலமான நீள்பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றத்தான் இருக்கின்றன. உண்மையான ஆல் சீசன் டயர் என்பது லேசான பனிக்கும் கோடைக்கும் நடுவில் ஒரு சமரசம். ஜிடிஐ மாதிரி வண்டிக்கு, பனியே விழாத ஊரில், அந்தச் சமரசம் எதற்கு? எனக்கு விற்றது அதுகூட இல்லை, அசல் பனி டயர்.

இனி அவர்கள் தட்டிக்கழித்த விதத்தைச் சொல்கிறேன். வண்டி ஆடுவது தெரிந்த உடனே கடைக்கு முதலில் அழைத்தபோது, "புது டயருண்ணே, மேல ஒரு வழவழப்பு இருக்கும், 300 கிலோமீட்டர் ஓடட்டும், சரியாயிடும்." புது டயருக்குக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும் என்பது உண்மை என்பதால் காத்திருந்தேன். அடுத்து, அலைன்மென்ட் கோளாறாம், கொண்டுவாங்க, 80 வெள்ளி ஆகும் என்றார்கள். அலைன்மென்ட்டையும் சேர்த்துத்தானே 1,240 வெள்ளி வாங்கினீர்கள் என்றதும், முதலாளி ஜோகூருக்குப் போயிருக்கிறார், வந்ததும் அழைப்பார் என்று பதில். முதலாளி வந்ததாகத் தெரியவில்லை.

சின்னத்தைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு பேச்சு மாறியது. அண்ணே போய் 'சார்' ஆனது. "சார், ஆல் சீசன்னா பனியும் ஒரு சீசன்தானே. நாங்க பொய் சொல்லலயே." அதற்குப் பிறகு நீல டிக் மட்டும்தான். செயலியில் போய்ப் பார்த்தால் விளம்பரத்தில் இருந்த 'சிங்கப்பூர் மழைக்கு ஏற்றது' என்ற வரியை எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, பழைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது. செயலியின் உதவிப் பக்கத்தில் புகார் கொடுத்தேன். பணம் செயலி வழியாகச் செல்லவில்லை, ஆகவே தலையிட முடியாது என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது.

நேரிலும் போனேன். அதே பையன்தான் இருந்தார். பார்த்ததும் ஷட்டர் பக்கம் போய் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார். விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சுவரில் ஒட்டியிருந்த தாளை இன்னொருவர் விரலால் காட்டினார். தாள் புதுசு. நான் டயர் வாங்கிய அன்று அந்தச் சுவரில் நாட்காட்டிதான் இருந்தது.

அந்த டயரோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலேசிய நெடுஞ்சாலையில் 110-இல் போக மாட்டேன் என்று, காக்கி புக்கிட்டிலேயே வேறு நான்கு டயர் வாங்கி மாட்டினேன். அது தனிச் செலவு. கழற்றிய நான்கும் என் வீட்டு ஸ்டோர் ரூமில் சாட்சியாகக் கிடக்கின்றன. 1,240 வெள்ளி எனக்குச் சும்மா வருகிற காசு இல்லை. மகளின் துணைப்பாட வகுப்புக்கும் தீபாவளித் துணிக்கும் ஒதுக்கியதிலிருந்து எடுத்தது.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் எழுதிவிட்டேன். அடுத்தது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். என்னைப் போன்ற வாடிக்கையாளர் 5,000 வெள்ளி வரைக்கும் கோர 10 வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த குறைபாட்டுப் பொருள் சட்டமும் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்வார்கள், இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். சுவரில் தாள் ஒட்டினால் அந்த உரிமை போய்விடாது.

டயர் வாங்குவது எப்படி என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாட்டுவதற்கு முன் துணியால் பக்கச் சுவரைத் துடைத்துப் பாருங்கள். மலைக்குள் பனி நட்சத்திரம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எம் பிளஸ் எஸ் (சேறும் பனியும் என்பதன் சுருக்கம்) என்று மட்டும் இருந்தால் அது நிறுவனம் தானே போட்டுக்கொள்ளும் எழுத்து, பெரிய வண்டி டயர்கள் பலவற்றில் இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம், ஆனால் கேள்வி கேளுங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய டயரில் ஸ்டட்லெஸ் என்று எழுதியிருந்தால் அதுவும் பனிக்குத்தான். கடைசி நான்கு இலக்கத்தைப் படம் எடுங்கள். ரசீதில் டயரின் பெயர், அளவு, வேகக் குறியீடு எல்லாம் எழுதி வாங்காமல் பேநவ் செய்யாதீர்கள். விளம்பரத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், மாற்றிவிடுவார்கள்.

கடந்த சில மாதங்களில் செயலி வழியாக 18 அங்குல 'ஆல் சீசன் பர்ஃபார்மன்ஸ்' மலிவு விலையில் வாங்கியவர்கள் இருந்தால், இன்று இரவே கார் பார்க்கில் இறங்கி டார்ச் அடித்துப் பாருங்கள். அதே சின்னம் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒரே கடைமேல் பல புகார் இருந்தால் பயனீட்டாளர் சங்கத்தில் சேர்ந்தே கொடுக்கலாம்.