ஒருங்கமை சமன்பாடு: நீக்குவதா, பிரதியிடுவதா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் 3 கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் 2 தேசிக்காயும் 430 ரூபா. அதே விலைப்படி 1 மாம்பழமும் 4 தேசிக்காயும் 310 ரூபா. ஒவ்வொன்றும் என்ன விலை?

ஒரு மாம்பழத்தின் விலை ரூபா ம, ஒரு தேசிக்காயின் விலை ரூபா த என்று வைப்போம். ‘ம = மாம்பழம்’ என்று எழுதும் பிள்ளைக்கு அங்கேயே குழப்பம் தொடங்கிவிடும். ம என்பது பழமல்ல, ரூபாக் கணக்கு. கீழுள்ள இரண்டு சமன்பாடும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும்; அதனால்தான் இவை ஒருங்கமை சமன்பாடுகள்.

3ம + 2த = 430 … (1)
ம + 4த = 310 … (2)

நீக்கல் முறையில் (1) ஐ 2 ஆல் பெருக்கினால் 6ம + 4த = 860. இதிலிருந்து (2) ஐக் கழிக்க 5ம = 550, ம = 110. (2) இல் இட, த = 50. எழுத்தே இல்லாமலும் இதைச் சொல்லலாம்: முதற் கூட்டத்தை இரண்டு தரம் வாங்கினால் 860, அதில் இரண்டாவதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 5 மாம்பழம், 550 ரூபா. தரம் 8 பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் வினா ‘சமன்பாடுகளை உருவாக்குக’ என்று கேட்டால் வாயால் சொன்னது போதாது.

பிரதியிடலில் (2) இலிருந்து ம = 310 − 4த. அதை (1) இல் இட 3(310 − 4த) + 2த = 430; 930 − 10த = 430; த = 50. இங்கே (2) இல் ம இன் குணகம், அதாவது ம ஐப் பெருக்கும் எண், 1 என்பதால் பிரதியிடல் சுகமாகப் போகிறது.

பிழைகளில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. பிரதியிடலில் அடைப்புக்குறியை மறந்து 930 − 4த + 2த என்று எழுதினால் த = 250, ம = −690. விலை மறை எண்ணாக வந்ததும் பிள்ளைக்கே பிழை தெரிந்துவிடும். நீக்கலில் இடப்பக்கத்தை மட்டும் பெருக்கி 430 ஐ அப்படியே விட்டால் ம = 24, த = 71.50. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. (2) இல் இட்டுப் பார்த்தாலும் 24 + 286 = 310, சரி என்றே காட்டும்; த ஐ அந்தச் சமன்பாட்டிலிருந்துதானே எடுத்தோம்! (1) இல் இட்டால் 72 + 143 = 215. அது 430 இன் சரிபாதி. பெருக்க மறந்த 2 அகப்பட்டுவிட்டது. ஆகவே விடையைச் சரிபார்ப்பது எப்போதும் மற்றச் சமன்பாட்டில், அதுவும் பெருக்குவதற்கு முன்னிருந்த வடிவத்தில்.

நீக்கலின் இன்னொரு குழி குறி. 5ப − 2க = 12 இலிருந்து 3ப − 2க = 4 ஐக் கழிக்கும்போது −2க − (−2க) = 0. பல பிள்ளைகள் −4க என்று எழுதிவிடுவார்கள். கழிக்கும் வரியின் குறிகளை எல்லாம் மாற்றி எழுதிக் கூட்டப் பழக்கினால் இது குறையும்.

குணகம் எதுவும் 1 இல்லாவிட்டால்? 3ப + 4க = 25, 5ப + 7க = 43 என்பதைப் பாருங்கள். பிரதியிட்டால் ப = (25 − 4க)/3 என்று பின்னம் வரும். அதை இரண்டாவதில் இட்டு வரும் 5(25 − 4க)/3 + 7க = 43 ஐ 3 ஆல் பெருக்கும்போது 7க ஐயும் 43 ஐயும் விட்டுவிடுவதுதான் வழமையான பிழை. சரியாகச் செய்தால் 125 − 20க + 21க = 129, க = 4. நீக்கலில் முதலாவதை 5 ஆலும் இரண்டாவதை 3 ஆலும் பெருக்கினால் 15ப + 20க = 125, 15ப + 21க = 129. அதே 125, அதே 129. பின்னம் மட்டும் இல்லை. கல்குலேற்றர் கொண்டுபோக முடியாத சாதாரண தரப் பரீட்சைக்கு நான் நீக்கலையே முதலில் பழக்கச் சொல்வேன். குணகம் 1 கண்ணில் பட்டால் மட்டும் பிரதியிடலாம்.

இரண்டு சமன்பாட்டையும் கோடுகளாக வரையும் வரைபு முறை, வினாவில் கேட்டால் மட்டும். கோடுகள் வெட்டும் புள்ளி தாளின் சிறு சதுரத்துக்கு நடுவில் விழுந்தால் விடை அண்ணளவாகத்தான் வரும்.

பிரதியிடலை அடியோடு விடவும் முடியாது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுப்பவருக்கு க = ப + 1 என்ற கோடு ப² + க² = 25 என்ற வட்டத்தை எங்கே வெட்டும் என்று கேள்வி வரும். அங்கே பெருக்கிக் கழித்து ஒன்றும் நடக்காது. க இன் இடத்தில் ப + 1 ஐ இட்டால் ப² + ப − 12 = 0; ப = 3 அல்லது −4.