வெட்டுமுகத்தில் எதைப் பூசுவது: மெழுகா, பெயிண்டா, தாரா?

பச்சை மரத்தை அறுத்த மறுநாள் காலை, அதன் வெட்டுமுகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி மயிரிழை போன்ற கோடுகள் ஓடத் தொடங்கியிருக்கும். விரலால் தடவினால் எதுவும் தட்டுப்படாது. சில நாளில் அதே கோட்டில் நகம் நுழையும். பிறகு பலகையின் முனையில் ஒரு சாண் நீளத்தை வெட்டி எறிய வேண்டியதுதான்.

மரத்துக்குள் நீரை ஏற்றிச் சென்ற நுண்குழாய்கள் நெடுக்காக ஓடுகின்றன. அவற்றின் வாய்கள் திறந்து கிடப்பது வெட்டுமுகத்தில். பக்கவாட்டை விட 10 முதல் 15 மடங்கு வேகத்தில் ஈரம் அந்த வழியாக வெளியேறுகிறது. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் முனை சுருங்கப் பார்க்கிறது. அதற்குச் சற்று உள்ளே இருக்கும் மரமோ இன்னும் ஈரமாக, சுருங்காமல் நிற்கிறது. இந்த இழுபறியில் முனை கிழிகிறது. முனையும் நடுவும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் காயும்படி செய்வதுதான் பூச்சின் வேலை. எந்தப் பூச்சையும் நான் அந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்.

பலகைக்கு என் முதல் தேர்வு மெழுகுக் குழம்பு. நீரில் மெழுகுத் துகள்கள் கலந்த, பால் போன்ற திரவம் அது. சூடாக்க வேண்டியதில்லை, தூரிகை போதும். நீரில் கலந்தது என்பதால் ஈர மரத்தோடு சண்டை போடுவதில்லை. நீர் போனதும் துகள்கள் ஒட்டிக்கொண்டு நெகிழ்வான படலமாகிவிடும். மரம் சுருங்கும்போது அதுவும் கூடவே நெகிழ்ந்துகொடுக்கும். கனமாக ஒரு பூச்சு போதுமானது. காய்வதற்குள் மழை பட்டால் கரைந்துவிடும். டப்பாவிலேயே உறைந்துபோனால் குழம்பு பிரிந்து கெட்டுவிடும். இந்த இரண்டு குறைகளைத்தான் நான் சொல்வேன்.

உருக்கிய பாரஃபின் மெழுகின் தடுப்புத்திறன் இன்னும் அதிகம். கடைசல் வேலைக்கான சிறு கட்டைகளுக்கு அதை மிஞ்சியது இல்லை. முனையை முக்கி எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் மெழுகு சரியான சூட்டில் இருக்க வேண்டும். உருகியதும் உருகாததுமாகக் குளிர்ந்த ஈரக் கட்டையில் பூசினால், அது மேலே ஓடு போல உட்கார்ந்துகொள்ளும். இரண்டு நாள் கழித்து நகத்தால் நெம்பினால் வில்லையாகப் பெயர்ந்து வரும். அடியில் மரம் ஈரமாக, ஒட்டிய தடமே இல்லாமல் இருக்கும். நல்ல சூட்டில் முக்கும்போதுதான் மெழுகு துளைகளுக்குள் இறங்கிப் பிடிக்கிறது. அதற்காக அடுப்புத் தீயில் நேரடியாக வைக்காதீர்கள். அளவுக்கு மீறிச் சூடேறிய மெழுகின் ஆவி தீப்பிடிக்கும். வெப்பக் கட்டுப்பாடு உள்ள மின்சட்டியே பாதுகாப்பு. கட்டை முழுவதையும் மெழுகில் மூழ்கடிப்பதும் வேண்டாம். பிறகு அது காய வழியே இருக்காது.

சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட் பலர் கையில் மிச்சமிருக்கும். சுவர் மூச்சுவிட வேண்டும் என்பதற்காகவே நீராவியை ஓரளவு விடும்படி செய்யப்பட்டது அது. இங்கே அந்தக் குணமே குறையாகிறது. இரண்டு மூன்று கனமான பூச்சு கொடுத்தால் மென்மரத்துக்குத் தாங்கும். அடர்ந்த கடின மரத்துக்கு அதை நம்ப மாட்டேன். எண்ணெய் எனாமல் நல்ல தடுப்புத்தான், ஆனால் சொட்டும் ஈரத்தில் ஒட்டாமல் உரிந்துவிடும். அந்த வகையில் அலுமினியப் பெயிண்ட் மேல்: அதன் உலோகச் செதில்கள் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஈரத்தின் வழியை அடைக்கின்றன. தார் ஈரத்தை அருமையாகத் தடுக்கும். ஆனால் வெயிலில் இளகி வழியும், ரம்பத்தில் ஒட்டும், மரத்தில் கறை போகாது. முனையை எப்படியும் வெட்டிவிடப் போகிற பெரிய உத்திரங்களோடு அதை நிறுத்திக்கொள்ளலாம். வெள்ளைப் பசையை நீர்த்துப் பூசுவது வேறு எதுவும் கையில் இல்லாத நாளுக்கு மட்டும்.

ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள் ஒருமுறை என்னிடம் இருந்தன. ஒன்றுக்கு அன்று மாலையே மிச்சமிருந்த சுவர்ப் பெயிண்டைப் பூசினேன். மற்றதற்கு நல்ல மெழுகுக் குழம்பு வரட்டும் என்று எட்டு நாள் காத்திருந்தேன். வெடித்தது இரண்டாவது பலகை. அதன் மேல் பூசிய மெழுகு, ஏற்கெனவே திறந்துவிட்ட வெடிப்பை மூடி மறைத்ததே தவிர வேறொன்றும் செய்யவில்லை. மரம் அறுபட்ட சில மணி நேரத்துக்குள் பூச்சு ஏற வேண்டும் என்பதை அந்தப் பலகைதான் எனக்குக் காட்டியது. தாமதமாகிவிட்டால் முனையைச் சில சென்டிமீட்டர் வெட்டித் தள்ளுங்கள். புதிய வெட்டுமுகத்திலிருந்து மெல்லிய வில்லை ஒன்றை அறுத்து வளைத்துப் பாருங்கள். சட்டென ஓரிடத்தில் முறிந்தால் வெடிப்பு இன்னும் உள்ளே ஓடுகிறது. இன்னும் கொஞ்சம் வெட்டி, உடனே பூசுங்கள்.

எந்தப் பூச்சாலும் காப்பாற்ற முடியாதது ஒன்று உண்டு: வட்டமாக அறுத்த வில்லைக் கட்டை. மரம் வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கணக்கு வட்டத்துக்குள் அடங்காமல் ஆப்பு வடிவத்தில் பிளந்துவிடும். முழு உருளைக் கட்டைக்கும் இதே தொல்லை உண்டு. நடு மையத்தின் வழியே இரண்டாகப் பிளந்துவிட்டு முனைகளைப் பூசுங்கள். கணுவும் கிளைப் பிரிவும் இருந்தால் அங்கேயும் தூரிகையை ஓட்டுங்கள். முனையிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் பக்கங்களின் மேலும் பூச்சு ஏறட்டும்.

என் பட்டறையில் இப்போது மெழுகுக் குழம்பு வாளி ரம்பத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அறுத்த பலகையைச் சட்டங்கள் மேல் அடுக்கும் முன்பே இரண்டு முனைகளும் வெள்ளையாகிவிடுகின்றன.