இலவசப் படிவத்துக்கு 276 டாலர் கட்டினேன், நீங்கள் கட்டாதீர்கள்

அமெரிக்காவில் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்துகொண்டு வீடு மாறப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள். வீடு மாறிய 10 நாளுக்குள் இமிக்ரேஷனுக்குப் புது முகவரியைச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஏஆர்-11 என்று ஒரு படிவம், கட்டணம் ஒரு சென்ட் கூடக் கிடையாது. நான் 276 டாலர் கட்டினேன். பணத்தோடு போயிருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன், வெட்கமாக இருக்கிறது.

2024 ஜூனில் நியூ ஜெர்சி எடிசனிலிருந்து டெக்சஸ் இர்விங்குக்கு வந்தோம். கணவருக்கு ஹெச்-1பி என்கிற வேலை விசா, எனக்கும் சென்னையில் பிறந்த பெரியவனுக்கும் அவரைச் சார்ந்து வரும் ஹெச்-4, சின்னவள் இங்கேயே பிறந்தவள். வேலை செய்யும் ஊரே மாறுவதால் ஹெச்-1பி திருத்த மனுவைக் கம்பெனி வக்கீல் பார்த்துக்கொண்டார். அவர் அனுப்பிய மெயிலின் கடைசி வரியில் "ஏஆர்-11 நீங்களே போட்டுவிடுங்கள், ஆளுக்கு ஒன்று" என்று மட்டும் இருந்தது. அந்தச் சமயத்தில் என் ஈஏடி (வேலை அனுமதி அட்டை) விண்ணப்பமும் நிலுவையில் இருந்தது. கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) ஒப்புதல் ஆன பிறகு, வந்து இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வேலைக்குப் போகலாம் என்று நானே உட்கார்ந்து நிரப்பித் தபாலில் அனுப்பியது.

சாமான் லாரி வந்து சேரவில்லை, பிள்ளைகள் காற்று மெத்தையில் தூங்குகிறார்கள், ராத்திரி பதினொன்றரை. முதலில் தபால் துறையின் தளத்தில் போய் முகவரியை மாற்றினேன், நம் அடையாளத்தைச் சரிபார்க்க ஒரு டாலர் சொச்சம் எடுத்துக்கொண்டார்கள். அது நியாயமான கட்டணம்தான். ஆனால் என் புத்தியில் அதுதான் விதை போட்டது: தபால்காரரே காசு வாங்கும்போது இமிக்ரேஷன் சும்மாவா செய்து கொடுக்கும்?

அடுத்து போனிலேயே "இமிக்ரேஷன் முகவரி மாற்றம்" என்று தேடி, முதலில் வந்ததை அழுத்தினேன். கழுகு, கொடி, நீல நிறம், பெயரிலேயே யுஎஸ் என்று எல்லாம் இருந்தது. தளத்தின் முகவரி அரசாங்கத் தளங்களைப் போல டாட் காவ் என்று முடியவில்லை என்பதும், பக்கத்திலேயே பொடி எழுத்தில் "விளம்பரம்" என்று இருந்ததும் இரண்டு மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. படிவம் அச்சு அசல் அரசாங்கப் படிவம் மாதிரியே கேள்வி கேட்டது. ஆளுக்கு 69 டாலர். சின்னவள் பெயரையும் சேர்க்கச் சொன்னது, சேர்த்தேன். அவள் அமெரிக்கக் குடிமகள், அவளுக்கு இந்தப் படிவமே தேவையில்லை. நாலு பேருக்கு 276. உடனே "வாழ்த்துகள், உங்கள் ஆர்டர் நிறைவடைந்தது" என்று மெயில், கூடவே நாலு பிடிஎஃப். ரசீது என்று நினைத்துத் திறக்காமல் விட்டேன்.

ஆகஸ்டில் ஈஏடி ஒப்புதல் ஆனது. இங்கே ஒரு சின்னக் கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் ஏற்கெனவே ஆஃபர் கொடுத்திருந்தார்கள், செப்டம்பர் முதல் வாரம் சேர வேண்டும். கேஸ் நிலவரத்தில் அட்டையை அனுப்பியாயிற்று என்று பார்த்து ரவா கேசரி கிண்டினேன். நாலு நாள், ஐந்து நாள், ஒரு வாரம் ஆயிற்று, தபால் பெட்டியில் பீட்சா கூப்பன்தான். அப்புறம் நிலவரம் மாறியது: தபால் துறை உங்கள் அட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டது.

எப்படி? தபால் துறையில்தான் முகவரி மாற்றியிருந்தேனே? மற்ற கடிதமெல்லாம் எடிசனிலிருந்து ஒழுங்காக வந்துகொண்டுதானே இருந்தது? பலர் விழுகிற குழி இதுதான். ஈஏடி, கிரீன் கார்டு வருகிற உறையைத் தபால் துறை புது முகவரிக்குத் திருப்பிவிடாது, அனுப்பியவருக்கே திருப்பிவிடும். அப்படித் திரும்பிப் போன அட்டையை 60 வேலை நாளுக்குள் நாம் கேட்கவில்லை என்றால் அழித்துவிடுவார்கள். அதனால் தபால் துறையில் மாற்றுவது வேறு, இமிக்ரேஷனில் மாற்றுவது வேறு. இரண்டையும் செய்ய வேண்டும்.

யுஎஸ்சிஐஎஸ், அதாவது இமிக்ரேஷன் துறையின் எண்ணுக்குப் போன் செய்து, இயந்திரக் குரலோடு மல்லுக்கட்டி ஒரு மனிதரைப் பிடித்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, முகவரி மாற்றினீர்களா என்பது. ஜூனிலேயே மாற்றியாயிற்றே என்று கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன். அப்படி ஒரு பதிவே இல்லை என்றார். போனை வைத்துவிட்டு அந்தப் பிடிஎஃப்களைத் திறந்தேன். ஏஆர்-11தான், நான் தட்டிய விவரமெல்லாம் அழகாக நிரம்பியிருக்கிறது, கையெழுத்து இடம் காலி. இரண்டாம் பக்கத்தில்: இதை அச்செடுத்து, கையெழுத்திட்டு, நீங்களே தபாலில் அனுப்பவும். 69 டாலருக்கு அவன் செய்த சேவை, நான் தட்டியதையே தட்டச்சு செய்து எனக்கே அனுப்பியது! அப்படியே தபாலில் அனுப்பியிருந்தாலும் என் ஈஏடி வந்திருக்காது, ஏனென்றால் காகிதத்தில் அனுப்புகிற ஏஆர்-11 நிலுவையில் இருக்கும் விண்ணப்பத்தின் முகவரியை மாற்றாது.

அன்றே யுஎஸ்சிஐஎஸ் டாட் காவ் தளத்தில் கணக்குத் தொடங்கி, ரசீது எண்ணைப் போட்டு மாற்றினேன். 2023 அக்டோபரிலிருந்து இந்த வசதி இருக்கிறது, நிலுவையில் உள்ள விண்ணப்பங்களிலும் சேர்த்தே மாறிவிடும். கார்டு எண் கேட்கவில்லை, மூன்று பேருக்கும் சேர்த்து அரை மணி நேரம் கூட ஆகவில்லை. உறுதிப்படுத்தும் பக்கத்தை அச்செடுத்து வைத்தேன். பிறகு அட்டை வரவில்லை என்று தனியாக ஒரு கோரிக்கை, அட்டை கைக்கு வந்தது அக்டோபரில். அந்த நிறுவனத்தில் மூன்று வாரம் பொறுத்தார்கள், அதற்கு மேல் முடியவில்லை. வேலையில் சேரும்போது நிரப்புகிற ஐ-9 படிவத்துக்கு அட்டையைக் காட்ட வேண்டும், ஒப்புதல் நோட்டீஸ் போதாது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

பத்து நாள் கெடு தாண்டியதுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது. சட்டத்தில் அபராதம், 30 நாள் வரை சிறை, நாடு கடத்தும் வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள், வேண்டுமென்றே செய்யவில்லை என்று காட்ட முடிந்தால் நாடு கடத்தலுக்கு விலக்கு உண்டு. வக்கீல், தாமதமானாலும் போட்டது நல்லது, அந்தத் தளத்துக்குக் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், நீங்கள் முயற்சி செய்ததற்கு அதுதான் சாட்சி என்றார். 276 டாலருக்கு அந்த ஒரு பிரயோஜனம்.

பணத்தைத் திரும்பக் கேட்டு கிரெடிட் கார்டு கம்பெனியில் முறையிட்டேன். "நாங்கள் தனியார் நிறுவனம், அரசோடு தொடர்பில்லை, படிவம் தயாரித்துத் தருவது மட்டுமே எங்கள் சேவை" என்று அடியில் பொடியாக எழுதியிருந்ததை அவன் ஆதாரமாகக் காட்டினான், நான் டிக் செய்திருந்தேன். சின்னவளின் 69 மட்டும் திரும்பி வந்தது. எஃப்டிசி என்கிற அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பில் புகார் கொடுத்திருக்கிறேன். நாலு பேரின் பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் அவனிடம் இருக்கிறதே என்று நாங்கள் இருவரும் கடன் விவரம் வைத்திருக்கும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும், எங்கள் பெயரில் வேறு யாரும் கடன் வாங்கிவிடாதபடி கிரெடிட்டை முடக்கினோம், அதுவும் இலவசம்தான்.

எஃப்-1 மாணவர்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். இமிக்ரேஷன் நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால் அதற்கு ஈஓஐஆர்-33 என்று வேறு படிவம், 5 வேலை நாள்தான் கெடு, ஏஆர்-11 போட்டாயிற்று என்று அங்கே சும்மா இருந்துவிடாதீர்கள்.

போன வாரம் அந்தத் தளத்திலிருந்து மறுபடி மெயில். எங்கள் முகவரியைப் "புதுப்பிக்க" 20 சதவீதம் தள்ளுபடியாம், நாலு பேருக்கும், பட்டியலில் சின்னவள் பெயர்தான் முதலில்.