பேஸ்ட் மாற்றக் கொடுத்தால் "ப்ராசசர் போயிடுச்சு" என்கிறார்கள்: எஸ்.பி. ரோடு போகிறவர்கள் கவனிக்க

ஏஎம்4 போர்டு (ஏஎம்டியின் ரைசன் ப்ராசசர் உட்காரும் ஒரு மதர்போர்டு வகை) வைத்திருப்பவர்களுக்கான பதிவு இது. ரைசன் 1000 முதல் 5000 வரிசை வரையிலான சாதாரண டெஸ்க்டாப் என்றால் உங்களுடையதும் இதுதான்.

பெங்களூரு அல்சூர்க்காரர் ஒருவர் தன் ரைசன் 5 3600 கணினியைத் தூசு தட்டி, ப்ராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் (சூட்டை இழுக்கும் உலோகக் கட்டை) இடையே பூசும் பேஸ்ட்டை மாற்ற, கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுச் சந்துக்கடை ஒன்றில் விட்டார். பேசிய கூலி 600 ரூபாய். சாயங்காலம் போன் வந்தது: "ப்ராசசர் போயிடுச்சுண்ணா. ஸ்கிராப்புக்கு 1,500 தர்றோம், வேற போட்டுக்கலாம்." காலை வரை ஓடிய மெஷின்! நல்லவேளையாக அவர் விற்காமல் பழையதைக் கையோடு வாங்கி வந்துவிட்டார். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு மூலையில் 7 பின் (ஊசிபோன்ற உலோகக் கால்) சாய்ந்திருக்கிறது. ஒன்றுகூட ஒடியவில்லை.

நடந்தது என்ன என்பதை அந்தச் சாய்ந்த பின்களே சொல்லிவிடுகின்றன. ஏஎம்4 ப்ராசசரின் அடியில் 1,331 பின்கள். ஓரத்து லீவரை இறக்கினால், போர்டில் ப்ராசசர் உட்காரும் இடமான சாக்கெட் அவற்றைப் பக்கவாட்டில் கவ்விக்கொள்ளும், அவ்வளவுதான். இன்டெல்லில் இருப்பதுபோல் மேலே அழுத்திப் பிடிக்கும் இரும்புச் சட்டம் கிடையாது. பேஸ்ட் சில வருடம் காய்ந்தால் கோந்து மாதிரி ஆகிவிடும். அப்போது ஹீட்சிங்க்கை நேராக மேலே இழுத்தால் லீவர் பூட்டியபடியே ப்ராசசரும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். கொஞ்சம் சரிந்து வந்தால் கடைசியாக வெளிவரும் ஓரத்துப் பின்கள் வளையும். இது இழுத்தவர் கைத்தவறு. ப்ராசசர் தானாகச் செத்ததல்ல. பின் வளைந்தால் வாரண்டியும் பேசாது.

செய்ய வேண்டிய முறை: கழற்றும் முன் கணினியை 10, 15 நிமிடம் நல்ல வேலை கொடுத்து ஓட்டுங்கள். சூட்டில் பேஸ்ட் இளகும். டிசம்பர் காலைக் குளிரில் நேராகக் கை வைப்பது வம்பு. பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, கேபினட்டைப் படுக்க வைத்து, ஃபேன் வயரைப் பிடுங்கி, ஹீட்சிங்க்கின் 4 ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். (நிமிர்த்தி வைத்துக் கழற்றினால் போர்டின் முதுகில் இருக்கும் தகடு கழன்று விழும்.) இதற்கப்புறம்தான் முக்கியம்: தூக்காதீர்கள், திருகுங்கள். இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக, ஊறுகாய் ஜாடி மூடியைத் திறப்பதுபோல். பிடி விட்டு வழுக்குவது கையிலேயே தெரியும். அதன்பின் தூக்கலாம்.

அப்படியும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் பதற வேண்டாம். பின்களைத் தொடாமல் ஹீட்சிங்க்கைத் தலைகீழாக மேசையில் வையுங்கள். ஹேர் டிரையரால் உலோகப் பக்கத்தைச் சூடாக்கி, ஓரத்தில் 90 சதவீதத்துக்கு மேலான ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைச் சில சொட்டு விட்டுப் பொறுத்திருங்கள். பிறகு பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை இடையில் செலுத்தி அறுக்கலாம், அல்லது ப்ராசசரின் பச்சை அட்டையை ஓரங்களில் பிடித்துத் திருகலாம். ஸ்க்ரூ டிரைவரை இடையில் விட்டு நெம்புகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பின் வளைந்ததை நிமிர்த்தலாம், அட்டை கீறினால் அதன் கதை முடிந்தது.

வளைந்த பின்னுக்கு, உள்ளே குச்சி இல்லாத மெக்கானிக்கல் பென்சில் முனையைச் செருகி மெல்ல நிமிர்த்துங்கள். வரிசைக்கு நடுவே பழைய ஏடிஎம் கார்டு ஓரத்தை ஓட்டியும் சரிசெய்யலாம். ஒரே மூச்சில் நிமிர்த்தினால் அடியோடு ஒடியும். குறுக்கும் நெடுக்குமாக எல்லா வரிசையும் நேராகத் தெரிந்தால், லீவரைத் தூக்கிவிட்டு, ப்ராசசர் மூலையிலுள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் முக்கோணக் குறியோடு பொருத்தி வையுங்கள். தானாக விழ வேண்டும். அழுத்த வேண்டியிருந்தால் இன்னும் ஒரு பின் கோணல். அல்சூர்க்காரரின் 3600 இப்படித்தான் அரை மணியில் உயிர்பெற்றது, இரண்டு ரேமும் தெரிந்தன. ஒரு ரேம் மட்டும் காணாமல் போனால் பின்களை மறுபடி பாருங்கள்.

கடையில்தான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், கழற்றும்போது எதிரில் நில்லுங்கள். பேஸ்ட்டைத் துடைத்ததும் ப்ராசசரின் உலோக மூடிமேல் பொறித்திருக்கும் மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் படம் எடுங்கள். புதுப் பேஸ்ட் பூசினால் அந்த எழுத்து மறைந்துவிடும், எதை மாற்றி வைத்தாலும் வெளியே தெரியாது. "போயிடுச்சு" என்றால் முதலில் பின்கள் இருக்கும் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் பழைய ப்ராசசரை வாங்காமல் கடையைவிட்டு இறங்காதீர்கள்.

ஏஎம்5 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் பின்கள் போர்டில், மேலே சட்டமும் உண்டு.